ஷெரிக்குக் கொடுத்த பிரசாதம்

போன மாதம் மோகாவிலிருந்து சாந்தி என் வீடு தேடி வந்தாள். நான் முப்பது வருடம் வேலை பார்த்த மிருக வைத்தியசாலையில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான். கையில் ஒரு காகிதம். கருத்தடை அறுவைக்கு வரும் நாய்களுக்காக நாங்கள் அந்தக் காலத்தில் எழுதி வைத்த படிவம். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூர்த்தி அண்ணே, முதல் கேள்வி, நாய் சாப்பிட்டதா. சரி. ரெண்டாவது, தண்ணி குடிச்சதா. அதுவும் சரி. மூணாவதா, பிரசாதம் கொடுத்தீங்களான்னு இருக்கே! புது டாக்டர் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். அதை அடிச்சுடுன்னு சொல்றார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், ஆனால் அந்த வரியில் கை வைக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "இதை எழுதிக் கொடுங்க, டாக்டர்கிட்ட நான் வாயால சொன்னா நம்ப மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி, எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இந்தத் தீவில் எல்லார் வீட்டையும் போலப் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான் பேச்சு. என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு அங்கேயே மாலை வகுப்பு எடுத்து, விடாமல் பிடித்து வைத்துக்கொண்ட தமிழ். இதில் வருகிறவர்கள் பேசியதும் பாதிக்கு மேல் கிரியோல்தான். தமிழில் எழுதும்போது அவர்கள் தமிழே பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டங்களில் வேலைநிறுத்தமும் ரகளையுமாக இருந்த வருடத்தில்தான் நான் டாக்டர் மொரேலிடம் சேர்ந்தேன். அப்பா கரும்பு வெட்டப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார், நான் கூண்டு கழுவப் போனேன். ஐந்து வருடம் கூண்டு கழுவினேன். ஐந்து வருடம் நாய்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கடி வாங்கினேன். அதற்குப் பிறகுதான் மயக்கம் கொடுக்கிற ஈதர் பாட்டிலைத் தொட விட்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

டாக்டர் மொரேல் வெள்ளைக்காரர், ஆனால் இந்தத் தீவிலேயே பிறந்தவர். ஒட்டடைக்கம்பு போல உயரம், கதவுக்குக் கதவு குனிந்து குனிந்து முதுகே வளைந்துவிட்டது. நாய்களிடம் அவர் காட்டும் மரியாதையைப் பார்க்க வேண்டுமே! பெட்டை நாய் என்றால் 'மதாம்', அதாவது அம்மா; ஆண் நாய் என்றால் 'மெஸ்ஸியே', ஐயா. "மதாம், மன்னிக்க வேண்டும், உங்கள் வயிற்றைக் கொஞ்சம் சிரைக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. நான் வெறும் மூர்த்தி. குரல் உயர்த்தி ஒரு நாளும் திட்டியதில்லை. ஆனால் என்னை அவர் 'மெஸ்ஸியே மூர்த்தி' என்று அழைத்தால் அன்றைக்கு என் வேலை போகப் போகிறது என்று அர்த்தம். முப்பது வருடத்தில் நான்கு தடவை அழைத்திருக்கிறார்.

அவருடைய முறைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். அறுவை அறையின் சுவரில் ஒரு பலகை, பலகையில் இருபது ஆணி. அறுவைக்கு முன் இருபது துண்டு பஞ்சுத்துணியை எண்ணி வைப்பேன். இரத்தம் ஒற்றிய ஒவ்வொரு துணியையும் அவர் என்னிடம் நீட்டுவார், நான் ஆணியில் மாட்டுவேன். ஒற்றாத துணியும் கடைசியில் ஆணிக்குப் போக வேண்டும். இருபது ஆணியும் நிறைந்தால்தான் வயிற்றைத் தைப்பார். பத்தொன்பது என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். நாயின் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்த கை உருப்படாது என்பார்.

எங்களிடம் மாடுகளும் குதிரைகளும் வந்தன. ஆனால் டாக்டரின் மனசெல்லாம் நாய்கள் மேல்தான். அப்போது ஊருக்கு ஊர் நாய்க்கூட்டம். வீட்டு நாய் வருடத்தில் இரண்டு தடவை பருவத்துக்கு வரும், வேலியைச் சுற்றி ஒன்பது ஆண் நாய்கள் நின்று ஒன்றையொன்று கிழிக்கும், இரண்டு மாதத்தில் எட்டுக் குட்டி. எட்டில் இரண்டுக்கு வீடு கிடைக்கும். மீதி எங்கே போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதுதான் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. மாதம் ஒரு தடவை கிராமங்களிலிருந்து நாய்களை எங்கள் வேனிலேயே கூட்டி வந்து, கருத்தடை செய்து, திரும்பக் கொண்டு போய் விடுவது என்று முடிவு செய்தார். வீடு வீடாகப் போய்ப் பேசுகிற வேலை எனக்கு.

ஐயோ, என்ன பேச்செல்லாம் கேட்டேன்! நாய் குண்டாகிவிடும் என்பார்கள். சோற்றைக் குறைத்துப் போடு, ஆகாது என்பேன். ஒரு ஈற்றாவது போட வேண்டாமா என்பார்கள். வேண்டவே வேண்டாம், சீக்கிரம் செய்தால் முலையில் கட்டி வருவது குறையும், கருப்பையில் சீழ் பிடித்துச் சாகிற பயம் அடியோடு இல்லை என்பேன். காவல் காக்காதே என்பார்கள். ஊர் சுற்றப் போகாமல் வாசலிலேயே கிடக்கும், இதைவிடக் காவல் வேண்டுமா என்பேன்.

ஆண் நாய் என்றால் இன்னும் மோசம். மாட்டுக்குக் காயடிப்பதை நின்று வேடிக்கை பார்க்கிற அதே மனிதர்கள், நாய்க்கு என்றதும் இரண்டு கையாலும் தங்கள் வேட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். பாம்ப்ளமூஸ் ஊரில் ஒரு சர்தார், அதாவது கங்காணி, இருந்தார், தோட்டத்தில் நூறு பேரை மேய்த்தவர். அவருடைய நாய் லியோன் வாரம் ஒரு சண்டை போட்டு, காது கிழிந்து, நொண்டிக்கொண்டு வரும். கடைசியில் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை.

"கட்டி எடுக்கக் கொண்டுபோறேன்னு சொல்லு. ஊருக்குத் தெரிஞ்சா என் மீசையை எடுத்துட வேண்டியதுதான்."

கட்டி என்றே சொன்னேன். லியோன் வீட்டோடு அடங்கியது, காது ஆறியது, மேனி மினுமினுத்தது. அடுத்த முறை வேன் போனபோது அதே தெருவில் ஐந்து ஆண்கள் நாயோடு வரிசையில் நிற்கிறார்கள். ஐவரும் என் காதில் கிசுகிசுத்தார்கள், தங்கள் நாய்க்கும் அந்தக் கட்டி வந்துவிட்டதாம். வரிசையின் தலைப்பில் நின்று ஒழுங்கு படுத்தியது யார் என்கிறீர்கள்? நம்ம சர்தார்தான்.

சிரித்தாயிற்று. இனி ஷெரி.

கான் தெ மாஸ்க் கிராமத்தில் அப்பாசாமி அண்ணன், வள்ளியம்மா அக்கா என்று ஒரு தம்பதி. அண்ணன் மாட்டுவண்டியில் கரும்பு ஏற்றி ஓய்ந்தவர். குழந்தை இல்லை. ஷெரி என்று ஒரு பழுப்பு நாய், நெற்றியில் வெள்ளைத் திட்டு. ஷெரி வருடத்துக்கு இரண்டு ஈற்று போட்டுவிடும். அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சர்க்கரைச் சாக்கு தொங்கும். நான் முதல் தடவை போனபோது அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அண்ணே சாக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அப்பாசாமி அண்ணன் எழுந்து முற்றத்துக்கு இறங்கினார். பிறகு என்னை வேலிவரை கூட்டிக்கொண்டு வந்துதான் சொன்னார்.

"ஒவ்வொரு ஈத்துக்கும் நான்தான் ஆத்துக்குப் போறேன் தம்பி. கண்ணு திறக்கிறதுக்கு முன்னாடி போயிடணும். திரும்பி வந்தா அவ என் காலை நக்குறா. போன தடவை என்னால முடியல, பாலத்துல உட்கார்ந்துட்டேன். இனிமே அந்தச் சாக்கைத் தூக்க என்னால ஆகாது."

அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாதது அக்கா. அவள் காரணம் வேறு.

"எனக்கு ஒண்ணுகூடக் கொடுக்கல அந்த முருகன். இவளுக்குத் தடவைக்கு எட்டு கொடுக்கிறான். அந்த வயித்தை மூடச் சொல்றியா? நீ நல்லாப் பேசுற தம்பி, போயிட்டு வா."

மூன்று மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த ஈற்றில் ஒன்பது குட்டி. பால் கொடுத்துக் கொடுத்து உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றிப்போய் ஷெரிக்குக் கைகால் வெட்டி இழுத்தது. அண்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மோகா பஸ்ஸில் ஏறி வந்தார். டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். இன்னொரு ஈற்று வந்தால் தாங்க மாட்டாள் என்றும் சொன்னார். குட்டிகளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அக்காதான். வீடு வீடாய்க் கெஞ்சி ஒன்பதுக்கும் இடம் பிடித்தாள். பிறகு எனக்கு ஆள் அனுப்பினாள்.

"கூட்டிட்டுப் போ. ஆனா உசிரோட திரும்பக் கொண்டாந்து விடணும். இல்லைன்னா இந்த வாசல்ல கால் வைக்காதே."

"நான் பொறுப்பு அக்கா" என்றேன். வாய் என்ன லேசாகச் சொல்லிவிடுகிறது!

அறுவை நாள் கோயில் காவடித் திருவிழாவுக்கு மறுநாள் அமைந்தது. முந்தின நாள் சாயங்காலமே போய்ப் படித்துப் படித்துச் சொன்னேன். இனி காலை வரைக்கும் ஒரு பருக்கை கூடாது. வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். இருவரும் பயந்துபோய்த் தலையாட்டினார்கள். சொன்னபடியே ஷெரியைத் தூணில் கட்டி, பாத்திரத்தையெல்லாம் கவிழ்த்து வைத்தார்கள்.

காலையில் வேனோடு போனேன். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறோம் இல்லையா, அக்கா முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். ஷெரியின் வெள்ளைத் திட்டில் விபூதி பூசினாள். முந்தின நாள் கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலில் ஓர் உருண்டை பிடித்து, "முருகா, என் பொண்ணைப் பார்த்துக்கோ" என்று ஷெரி வாயில் வைத்தாள். அண்ணன் ஓர் உருண்டை வைத்தார். ஷெரியின் ஒன்பது குட்டியில் ஒன்றை எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியும் ஓர் உருண்டை வைத்தாள். எனக்கும் கொடுத்தாள் அக்கா. கண்ணில் ஒற்றிக்கொண்டு நானும் தின்றேன். முந்திரி, திராட்சையெல்லாம் போட்டுப் பிரமாதமான பொங்கல்.

வாயைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை எடுத்து, கடமை தவறாமல் கேட்டேன். "சாப்பிட்டதா?"

"ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணி கூடக் கொடுக்கல தம்பி" என்றார் அண்ணன், சத்தியம் செய்கிற குரலில்.

'இல்லை' என்று எழுதினேன். என் கையால் எழுதினேன். இப்போது நீங்கள் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற நான்கு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எங்களில் யாரும் பொய் சொல்லவில்லை. பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்க்கிற வழக்கம் எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

அண்ணனும் அக்காவும் வேனிலேயே கூட வந்தார்கள். வைத்தியசாலை வாசலில் ஒரு லீச்சி மரம், அதன் அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். டாக்டர் பத்து நிமிடம் கை கழுவினார். நான் ஷெரியின் மூக்கில் தகரக் கூம்பை வைத்து, அதன் மேல் கட்டிய துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இமையைத் தொட்டேன், சிமிட்டவில்லை. விரலிடுக்கைக் கிள்ளினேன், காலை இழுக்கவில்லை. நாக்கை வெளியே இழுத்து விட்டேன், நல்ல ரோஜா நிறம். "மதாம் தூங்கிவிட்டார்" என்றேன். டாக்டர் கீறினார். ஒரு பக்கத்துச் சூலகத்தைக் கட்டி அறுத்து எடுத்துவிட்டார்.

அப்போது ஷெரியின் தொண்டை குலுங்கியது. ஒரு குமட்டல். வாயிலிருந்து பழுப்பாகக் கொழகொழவென்று வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. என் கண்ணுக்கு முன்னால் நாக்கு நீலமாகிறது.

"கூம்பை எடு. தலையைத் தொங்கவிடு" என்றார் டாக்டர். வயிற்றின் மேல் ஈரத்துணியை மூடி ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் மேசையின் கால்மாட்டை உயர்த்தினார். நான் ஒரு பஞ்சுத்துணியை விரலில் சுற்றித் தொண்டைக்குள் விட்டேன். உள்ளே வழவழவென்று ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. தோண்டினேன். வந்தது. டாக்டர் நெஞ்சை அமுக்கி அமுக்கி விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணிக்கை எனக்கு நினைவில்லை. சன்னல் வழியாக லீச்சி மரமும் அதன் அடியில் அக்காவின் மஞ்சள் புடவையும் தெரிந்தன. முருகா, முருகா, என்று எனக்குள்ளேயே கத்தினேன்.

ஷெரி இருமினாள். பிறகு ஒரு நீண்ட மூச்சு. நாக்கின் நுனியில் ரோஜா நிறம் திரும்பியது.

"யார் சோறு போட்டது?" என்றார் டாக்டர்.

"யாரும் இல்லை டாக்டர். நான் கூடவே நின்றேன். என் கண்ணால் பார்த்தேன்."

பாதியில் விட முடியாதே, நான் மறுபடி ஒரு கையால் ஈதரைச் சொட்டினேன், அவர் மீதி அறுவையை முடித்தார். தைக்க ஊசியை எடுத்தார், பலகையைப் பார்த்தார், ஊசியைக் கீழே வைத்தார். பத்தொன்பது.

"இருபதாவது எங்கே?"

மேசைக்கு அடியில் பார்த்தேன், வாளியில் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, என் இடது கை இன்னும் இறுக்க மூடியிருந்தது. திறந்தேன். தொண்டையில் விட்ட துணி. அதற்குள் வெல்லத்தில் குழைந்த அரிசியும், ஏலக்காய்த் தோலும், முழுசாக ஒரு திராட்சையும். காலையில் என் வாயில் ருசித்த அதே பொங்கல்.

மறைக்க முடியுமா? சொன்னேன். சூடம், விபூதி, மூன்று உருண்டை, நாலாவது உருண்டை எனக்கு, எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் துணியை என் கையிலிருந்து எடுத்து இருபதாவது ஆணியில் தாமே மாட்டினார். தைத்து முடித்தார். கையுறையைக் கழற்றினார்.

"மெஸ்ஸியே மூர்த்தி, வெளியே போய் அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்."

லீச்சி மரத்தடிக்குப் போனேன். அக்கா எழுந்து நின்றாள்.

"இருக்காளா?"

"இருக்கா அக்கா. ஆனா மூச்சு நின்னு வந்தது. மார்ல சளி கட்டாம இருக்கணும், மூணு நாள் இங்கேயே வச்சு ஊசி போடணும். காலையில கொடுத்த பொங்கல்தான் தொண்டையில அடைச்சுட்டுது."

"அது பிரசாதம் தம்பி. சாப்பாடு இல்லையே!"

"அது நமக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியலையே அக்கா. தப்பு என்னோடது. நானும் பார்த்துக்கிட்டு நின்னேன், நானும் தின்னேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "என் கையால இல்ல கொடுத்தேன்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மூன்று நாளும் அக்கா கான் தெ மாஸ்க்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனாள். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான்காம் நாள் காலையில் டாக்டரே வெளியே வந்து குனிந்து அவளிடம் சொன்னார். "மதாம், உங்கள் மகள் மீன் கேட்கிறார்." அவள் சிரித்த சிரிப்பில் மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பழையபடி 'மூர்த்தி'தான், எனக்கு உயிர் வந்தது. "உங்கள் கோயிலில் சாப்பாட்டில் சேராத பொருள் வேறு என்னென்ன கொடுப்பார்கள்?" என்று பென்சிலோடு கேட்டார். பால், பஞ்சாமிர்தம், தேங்காய், வாழைப்பழம், சுண்டல், பாயசம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"இவ்வளவும் சாப்பாடு இல்லையா?"

"இல்லை டாக்டர்."

முதலில் என்னை முறைத்தார். பிறகு அவர் முகம் மெல்லச் சிவந்தது. "எனக்குக் குடல்வால் அறுவை நடந்த காலையில் என் அம்மா மாதா கோயிலில் மந்திரித்த ரொட்டியில் ஒரு துண்டு வாயில் போட்டார். மருத்துவர் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன். இன்றுவரை நான் அதை நினைக்கவே இல்லை" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரிக்கத் தொடங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். அன்றைக்கே படிவத்தில் மூன்றாவது கேள்வியைத் தம் கையால் எழுதினார். அதற்குப் பிறகு சாப்பிட்டதா என்றால் இல்லை, தண்ணி என்றால் இல்லை, பிரசாதம் என்றால் தலையைச் சொறிகிறவர்களை எத்தனை பேர் பார்த்துவிட்டேன்! நாயைத் திரும்பக் கூட்டிப் போய் அடுத்த மாதம் வரச் சொல்வோம். அந்த நாய்களெல்லாம் பிழைத்தது அந்த வரியால்தான், சாந்தி. உன் டாக்டரிடம் சொல்.

பத்தாம் நாள் தையல் பிரிக்க கான் தெ மாஸ்க் போனேன். என்னை வாசலில் கால் வைக்க விடுவாளோ என்று வேலிக்கு வெளியிலேயே நின்றேன். "உள்ள வா, உசிரோட கொண்டாந்து விட்டேல்ல" என்றாள் அக்கா.

சமையலறைக்குள் போனேன். கண் தானாகக் கதவுக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஆணி மட்டும் இருந்தது. சாக்கைக் காணோம். அப்பாசாமி அண்ணன் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். அந்தச் சாக்கைத் துவைத்து, உள்ளே பழைய புடவைத் துணியை அடைத்து, நான்கு பக்கமும் தைத்திருந்தார்கள். அதன் மேல் ஷெரி மல்லாந்து, தையல் போட்ட வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கினாள்.

தையலைப் பிரித்தேன். காயம் கோடு போல ஆறியிருந்தது. அக்கா சாமி படத்துக்கு முன்னால் இருந்து பொங்கல் கிண்ணத்தை எடுத்து வந்தாள். ஓர் உருண்டை பிடித்தாள். ஷெரி வாயருகே கொண்டு போனவள் கையை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போ கொடுக்கலாமா தம்பி?"

"கொடுங்க அக்கா" என்றேன்.

ஷெரி சாக்கின் மேல் படுத்தபடியே தின்றாள்.